தெரிந்ததோடு இரண்டு

கணவாய்ச் சாவடி
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன் கால் நலமா என்று கேட்கத்தான் பேனாவை எடுத்தேன். மாவுக்கட்டுக்குள் இருக்கும் காலை யார் பார்த்தது? ஆகவே உன் கோபம் நலமா என்று கேட்கிறேன். அது நன்றாக எழுந்து நடமாடுகிறது என்று அத்தான் சொன்னார்.

முதலில் என் மானம் போன கதை. எங்கள் மேற்பார்வையாளர் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார். எதைக் கண்டாலும் முத்திரை குத்துகிறவர், அதனால் முத்திரை என்றே அவருக்குப் பெயர். காலையில் கதவைத் திறந்தால் வேலியோரம் வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். வணக்கம் வைத்தேன். காற்று மேற்கிலிருந்து பலமாக வீசுகிறது, மேல் வளைவில் மரம் சாய்ந்து கிடந்தது, அகற்றியாகிவிட்டது என்று இரண்டு நிமிடம் ஒப்பித்தேன். பின்னால் ஒரு குரல். "சார், அது நான் காயப் போட்ட போர்வை." டீ விற்கும் கெட்டில்காரர். போர்வைக்கு முத்திரையைவிடப் பொறுமை அதிகம், கடைசிவரை குறுக்கே பேசவில்லை.

நேற்றுப் பேருந்தில் வந்த ஒரு பெண்மணி, உனக்கு இங்கே என்னப்பா வேலை என்றார். கம்பம் எண்ணுவது என்றேன். அவர் நம்பவில்லை. வாசலில் நிறுத்திக் காட்டினேன்: சாலையோரம் ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக ஆறு வெள்ளைக் கம்பங்கள். அடிவாரத்திலிருந்து ஓட்டுநர்கள் கிளம்புமுன் தொலைபேசியில் கேட்பார்கள், எத்தனை தெரிகிறதோ அதை நான் சொல்வேன். மூன்றுக்குக் குறைந்தால் எந்த வண்டியும் மலையேறக் கூடாது. இதற்கா ஓர் ஆள் என்றார். பத்தொன்பது வருடமாக நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

இனி உன்னிடம் திட்டு வாங்கும் பகுதி. இந்த வாரம் மூன்று நாள் பிற்பகலில் இரண்டு கம்பம் என்று சொல்லி வண்டிகளை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் எதிர்வெயிலில் எனக்குக் கண் கூசியது, ஆனால் வானம் கழுவித் துடைத்தது போலிருந்ததாம். ஓட்டுநர்கள் சிரிக்கிறார்கள். முத்திரை விளக்கம் கேட்டு ஓலை அனுப்பியிருக்கிறார். அத்தான் மூன்று இரவும் பேருந்தோடு அந்தப் பக்கம் தங்கும்படி ஆயிற்று. உன்னைத் தனியே போட்டதற்கு மன்னித்துவிடு.

இங்கே கைபேசி வெறும் கடிகாரம். அலுவலகத் தொலைபேசியில் சொந்தக் கதை பேச முடியாது. எனவே வழக்கம்போல் இதை ஒட்டி அத்தான் கையில் தருகிறேன். இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டி அவர் கண்ட பலன், நம் இருவருக்கும் தபால்காரர் ஆனதுதான்.

உன் தம்பி,
கம்பத்தான்


நவம்பர் 14

அன்புள்ள தம்பிக்கு,

போர்வைக் கதையை அவருக்குப் படித்துக் காட்டினேன். சட்டையைக் கழற்றுவதைப் பாதியில் நிறுத்திவிட்டு, தலை உள்ளேயே இருக்க, சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்துக்கடையில் இருபது வருடமாக டாக்டர்களின் கிறுக்கலைப் படிக்கிறவள் நான். எழுத்தைப் பார்த்தால் கை தெரியும். ஒரு பக்கத்துக்கு முப்பது வரி எழுதுகிறவன் இப்போது பதினொன்று எழுதுகிறாய். அதுவும் மாடிப்படி ஏறுகிறது. உனக்குக் கண்புரை. போய்க் காட்டு. காது குடையப் போன இடத்தில் மயங்கி விழுந்த வீரன் நீ என்பது எனக்குத் தெரியும். நான் வேண்டுமானால் ஊன்றுகோலோடு வந்து உன் கையைப் பிடித்துக்கொள்கிறேன்.

அந்த மூன்று நாளைப் பற்றி ஒன்று. கட்டிலிலிருந்து குளியலறைக்கு எனக்கு இருபத்தொரு தப்படி. புதன்கிழமை ஊன்றுகோல் வழுக்கிவிட்டது. கீழ்வீட்டுத் தையற்காரம்மா கதவைத் தட்டும்வரை ஒரு மணி நேரம் தரையில் கிடந்தேன். கட்டிலுக்கு அடியில் எவ்வளவு தூசி என்று அப்போதுதான் பார்த்தேன். இது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் வேலைக்கே போக மாட்டார்.

மூடுபனி இருந்தால் நிறுத்து. வேண்டாம் என்று சொல்வேனா? வானம் நீலமாக இருக்கும்போது அவரை அங்கே படுக்க வைக்காதே. கெஞ்சிக் கேட்கிறேன்.

உன் அக்கா


கணவாய்ச் சாவடி
நவம்பர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

தரையில் கிடந்தாய் என்று படித்ததிலிருந்து டீ இறங்கவில்லை. கெட்டில்காரர் தன் டீயில்தான் குறை என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாளாகச் சர்க்கரையை அள்ளிப் போடுகிறார்.

வழி கண்டுபிடித்துவிட்டேன். கேள். கடிகாரம் பத்து நிமிடம் மெதுவாக ஓடினால் அதைத் தூக்கியா எறிகிறோம்? பத்தைக் கூட்டிக்கொள்கிறோம். அதே வேலையை என் கண்ணிடம் செய்திருக்கிறேன். வெயில் நன்றாக இருந்த நான்கு நாள், கெட்டில்காரரை வாசலுக்கு அழைத்துப் பந்தயம் கட்டுவது போல எண்ணச் சொன்னேன். அவருக்கு ஆறு, எனக்கு நான்கு. மறுநாளும் ஆறு, நான்கு. வெயில் கொஞ்சம் மங்கிய நாளில் அவருக்கு ஐந்து, எனக்கு மூன்று. ஆக, என் கண் சரியாக இரண்டு கம்பம் மெதுவாக ஓடுகிறது. ஒழுங்கான கண். ஒரு நாள்கூட மாற்றிப் பேசவில்லை.

இனி யார் கேட்டாலும் எனக்குத் தெரிவதோடு இரண்டைக் கூட்டிச் சொல்வேன். அவ்வளவுதான். உன் கணவர் நேரத்துக்கு வீட்டுக்கு வருவார், நீ கட்டிலுக்கு மேலேயே இருப்பாய், முத்திரை ஓலை அனுப்ப மாட்டார்.

அறுவை சிகிச்சைக்கு மார்ச்சில் போகிறேன். இப்போது போனால் பார்வைப் பரிசோதனை என்று ஒன்று வைப்பார்கள். அப்புறம் இங்கே வர விடமாட்டார்கள். கீழே ஒரு ஜன்னலில்லாத அறையில் பழைய பயணச்சீட்டுகளை அடுக்கச் சொல்வார்கள். அங்கே நான் யாருக்கு வணக்கம் வைப்பேன்? போர்வைகூடக் கிடையாது.

அத்தானிடம் சொல்லாதே. அவர் ஒழுங்கு பார்க்கிறவர். சிரித்துக்கொண்டே நேராக அலுவலகத்துக்குப் போய் நின்றுவிடுவார். இந்தக் கடிதத்துக்கு இரண்டு பக்கமும் கோந்து தடவியிருக்கிறேன். 'என்ன கம்பத்தார், ரகசியமா?' என்று இப்போதே கேட்கிறார்.

உன் தம்பி


நவம்பர் 24

அன்புள்ள தம்பிக்கு,

படித்துவிட்டு எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணைக் கடிகாரமாக்கிய ஆள் உலகத்தில் நீ ஒருவன்தான் இருப்பாய். என்ன சிரிப்பு என்று அவர் கேட்டார். போர்வையை நினைத்துக்கொண்டேன் என்று சொல்லிவிட்டேன். நீ கேட்டபடி வேறொன்றும் சொல்லவில்லை.

மருந்தில் இப்படிக் கூட்டினால் ஆள் போய்ச் சேர்ந்துவிடுவான். சாலைக்குப் பரவாயில்லை போலிருக்கிறது.

உன் கணக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது. ஐந்து நாளும் அவர் ஆறு மணிக்குள் வந்துவிட்டார். நேற்று எனக்குத் தலை வாரிவிட்டார். இருபத்தாறு வருடமாகப் பெரிய சக்கரத்தைப் பிடித்த கை. அந்த வேகத்தில் சீப்பைத் திருப்பினார். கழுத்து இன்னும் வலிக்கிறது.

மார்ச் என்றால் மார்ச். முதல் தேதி நான் அங்கே நிற்பேன்.

உன் அக்கா


கணவாய்ச் சாவடி
டிசம்பர் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த வாரம் வானம் எங்களை ஒரு கை பார்த்துவிட்டது. செவ்வாய்க்கிழமை ஆலங்கட்டி. ஒரு லாரியின் முன்கண்ணாடி அப்பளம் போல் நொறுங்கியது. ஓட்டுநர் தலையில் வாளியைக் கவிழ்த்துக்கொண்டு சாவடிக்கு ஓடி வந்தார். வாளியில் விழுந்த சத்தத்தில் தனக்கு இன்னும் காது கேட்கவில்லை என்று எங்களிடம் கத்திக்கொண்டிருந்தார். புதன்கிழமை மேல் வளைவில் பாறை உருண்டது. வியாழன், வெள்ளி பனி.

உன் மருந்துக்கடைப் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. வெள்ளிக்கிழமை காலை ஒரு கம்பம்தான் தெரிந்தது. இரண்டைக் கூட்டினால் மூன்று, வண்டியை விட்டிருக்கலாம். விட்டேனா? ஒன்றுக்கு மேல் தெரியாதபோது கூட்டல் எதற்கு? நிறுத்திவிட்டேன். நான் என்ன முட்டாளா?

முத்திரை வந்து பதிவேட்டைப் புரட்டி, 'திருப்தி' என்று குத்திவிட்டுப் போனார். பத்தொன்பது வருடத்தில் முதல் திருப்தி. பக்கத்தைத் தடவிப் பார்த்தேன், மை ஒட்டிக்கொண்டது.

பதின்மூன்றாம் தேதி உனக்குக் கட்டுப் பிரிக்கிறார்களாமே. அத்தான் விடுப்பு எழுதியிருக்கிறார். கால் இளைத்திருக்கும், பயப்படாதே. ஒரு காலுக்கு மட்டும் சாப்பாடு போட வழியிருக்கிறதா என்று அத்தான் கேட்கிறார். இது அவர் சொன்ன நகைச்சுவை, என் மேல் பழி போடாதே.

உன் தம்பி


கணவாய்ச் சாவடி
டிசம்பர் 29

அக்கா,

இதைத் தபாலில் அனுப்புகிறேன். எத்தனை நாளில் வந்து சேரும் என்று தெரியவில்லை. இதுவரை தெரிந்துகொள்ள வேண்டியிருக்கவில்லை.

உன் வீட்டில் பதினோரு நாள் இருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. வாயாடி வாயை மூடிவிட்டான், எவ்வளவு துக்கம் பார் என்று உன் தையற்காரம்மா சொன்னது காதில் விழுந்தது. துக்கம்தான். அது மட்டுமில்லை.

நேற்று விசாரணை அதிகாரி வந்தார். பதிவேட்டைப் பார்த்தார். டிசம்பர் பதினாறு, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம், நான்கு கம்பம், என் கையெழுத்து. நான் சொன்ன பிறகு பனி திடீரென்று இறங்கியிருக்கிறது, யார் மேலும் குற்றமில்லை என்று எழுதினார். என் தோளைத் தட்டினார். முத்திரையும் வந்து தட்டினார்.

அக்கா, பனி திடீரென்று இறங்கவில்லை. இரண்டு மணியிலிருந்தே இருந்தது. நான் வாசலில் நின்று எண்ணினேன். இரண்டு தெரிந்தது. இரண்டைக் கூட்டினேன்.

மணி அடித்தது. அத்தான், அந்தப் பக்கத்து அடிவாரத்திலிருந்து.

"என்ன கம்பத்தார், எத்தனை?"

"நாலு, அத்தான்."

"நாலா? இங்க என் மூக்கே எனக்குத் தெரியலை."

"அது கீழ. மேல நாலு இருக்கு."

அவருக்குப் பின்னால் பயணிகள் சத்தம் கேட்டது, யாரோ கிளம்பலாம் கிளம்பலாம் என்றார்கள். "சரிப்பா. நீ சொன்னா சரி. உங்க அக்கா இன்னிக்கு முதல் தடவையா தானா நடந்து மாடிப்படி இறங்கிப் பார்க்கப் போறாளாம். நான் பக்கத்துல இருக்கணும்னு சொல்லியிருக்கா" என்றார். வைத்துவிட்டார்.

நான்கு மணிக்கு வந்திருக்க வேண்டும். நான்கரைக்கு ஒரு லாரிக்காரர் நடந்தே வந்தார். மூன்றாம் வளைவில் தன் லாரி நின்றுபோனது, விளக்கும் எரியவில்லை, கல் வைக்க இறங்கியபோதே பேருந்து வந்துவிட்டது என்றார். அத்தான் பள்ளத்துப் பக்கம் திருப்பாமல் மலைப்பக்கம் திருப்பியிருக்கிறார். அதனால் பயணிகள் முப்பத்தொரு பேரும் உயிரோடு இருக்கிறார்கள். ஓட்டுநர் இருக்கை இருக்கும் பக்கம்தான் மலை. உனக்கு இது தெரியும். அவர் ஓடி ஒதுங்க நினைத்திருந்தாலும் இடமில்லை.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. நீ சொல், என்ன செய்யட்டும். நீ சொல்கிறபடி செய்கிறேன்.

தம்பி


ஜனவரி 5

தம்பிக்கு,

கடிதம் வந்தது. தபால்காரர் கதவைத் தட்டிக் கையெழுத்துக் கேட்டார். யார் என்று ஒரு கணம் புரியவில்லை.

என்ன செய்யட்டும் என்று என்னைக் கேட்காதே. இதையும் அக்கா சொல்லித்தான் செய்தேன் என்று ஆக வேண்டாம்.

அக்கா


ஜனவரி 26

அக்காவுக்கு,

சொல்லிவிட்டேன். எட்டாம் தேதி முத்திரையின் அறைக்குப் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன், கடிகாரக் கணக்கு உட்பட. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"செத்தவர் திரும்பி வருவாரா? கோப்பை மூடியாச்சு. பேசாம போய் டீ குடிங்க" என்றார்.

"வர மாட்டார் சார். அதனாலதான் சொல்றேன்" என்றேன்.

எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதினேன். பக்கத்துக்குப் பதினொரு வரி, ஒன்பது பக்கம் வந்தது. விசாரணையைத் திரும்பத் திறந்திருக்கிறார்கள். என்னைச் சாவடியிலிருந்து எடுத்துவிட்டார்கள். தீர்ப்பு எப்போது என்று தெரியவில்லை. முத்திரை மனிதர்தான். என் சாமான்களைக் கட்ட உதவிக்கு ஆள் அனுப்பினார்.

போன வாரம் வலது கண்ணுக்கு அறுவை சிகிச்சை ஆயிற்று. மார்ச் என்றேன், ஜனவரியிலேயே செய்துகொண்டேன். எவ்வளவு சீக்கிரம் பார்.

மயங்கவில்லை. பக்கத்தில் பிடித்துக்கொள்ள யாருமில்லை, மயங்கி யாருக்குக் காட்டுவது?

நேற்று பெட்டியை எடுக்க மேலே போனேன். பனி. அதே மாதிரிப் பனி. கெட்டில்காரர் உள்ளே வா என்று கூப்பிட்டார், நான் வாசலிலேயே நின்றேன். புதுக் கண்ணால் எண்ணினேன். இரண்டு தெரிந்தது. இடது கையால் அந்தக் கண்ணை மூடிக்கொண்டு பழைய கண்ணால் எண்ணினேன். அதற்கும் இரண்டு. கெட்டில்காரரைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன். இரண்டு என்றார். பனியில் எல்லாக் கண்ணும் ஒன்றுதான் அக்கா. என் கண் மங்கலாகப் பார்த்ததெல்லாம் தூரத்தைத்தான். பக்கத்தில் அது சரியாகவே பார்த்தது. அன்றைக்கு அது உண்மையைச் சொன்னது. நான்தான் திருத்தினேன்.

வெயில் நாளில் சரிபார்த்தேன், பனி நாளில் ஒரு தடவை கெட்டில்காரரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். பத்தடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் வரட்டுமா? பேச ஒன்றுமில்லை. மாடியேறி வந்து உட்கார்ந்திருக்கிறேன். கடைக்குப் போய் வருகிறேன். நீ ஒன்றும் பேச வேண்டாம்.

தம்பி


பிப்ரவரி 11

தம்பிக்கு,

விசாரணை அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். நீ எழுதிக் கொடுத்ததை அவர் வைத்திருந்தார். நானும் ஒன்று எழுதிக் கொண்டுபோயிருந்தேன். ஒரு பக்கம்தான். நவம்பர் இருபதாம் தேதி முதல் தம்பியின் கூட்டல் எனக்குத் தெரியும், என் கணவரிடம் நான் சொல்லவில்லை என்று. படித்துவிட்டு, அம்மா, இதைச் சேர்ப்பதற்கு எங்கள் படிவத்தில் இடமில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். மரியாதையாகத்தான் சொன்னார். வாசல்வரை வந்து படி இறங்கக் கைகொடுத்தார்.

அவர்களிடம் இடமில்லை. என்னிடம் இருக்கிறது. நீ கேட்டதற்காக நான் சொல்லாமல் இருந்தேன் என்று நீ நினைத்துக்கொண்டிருப்பாய். அப்படியில்லை. சொன்னால் அவர் கூட்டலை நிறுத்தச் சொல்வார், நீ பழையபடி எதற்கெடுத்தாலும் இரண்டு என்பாய், அவர் அந்தப் பக்கம் தங்குவார், நான் தரையில் கிடப்பேன். இவ்வளவையும் யோசித்துத்தான் போர்வையை நினைத்துச் சிரித்தேன் என்றேன்.

ஒரு வாக்கியம். தலை வாரிவிடும்போது சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், அன்றைக்கு நீ நாலு என்றதும் அவர் மனதுக்குள் இரண்டைக் கழித்திருப்பார். பயணிகள் கத்தினாலும் கிளம்பியிருக்க மாட்டார். நான் மாடிப்படியை மறுநாள் இறங்கியிருப்பேன். உன்னைத் திட்டி நாலு பக்கம் எழுதியிருப்பேன்.

முழுவதையும் நீயே எடுத்துக்கொள்ளாதே. என் பங்கு என்னிடம் இருக்கட்டும்.

சொட்டு மருந்தை விடாமல் போடு. குப்பியைத் திறந்து ஒரு மாதம் ஆனால் தூக்கி எறி, மிச்சம் இருக்கிறதே என்று பார்க்காதே. கண்ணைக் கசக்காதே. இடது கண்ணையும் தள்ளிப்போடாமல் செய்துகொள்.

வரட்டுமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். கோபம் இல்லை. கோபம் இருந்தால் வா என்றுதான் சொல்வேன், வந்தால் திட்டலாமே.

எழுதவும் வேண்டாம். எவ்வளவு நாளைக்கு என்று எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தைக் கூடத்தில் உட்கார்ந்து படித்தேன். மார்ச் என்றேன், ஜனவரியிலேயே செய்துகொண்டேன், எவ்வளவு சீக்கிரம் பார் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்விட்டே சிரித்துவிட்டேன். எதிரில் அவருடைய சட்டை மாட்டியிருந்தது.

நீ எப்படி எழுதினாலும் நடுவில் ஒரு வரி அப்படி வந்துவிடும். உன்னால் அதை நிறுத்த முடியாது, நீ பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். அந்த வரி வந்தால் நான் சிரிப்பேன். என்னால் அதை இந்த வீட்டில் இப்போது தாங்க முடியவில்லை.

அக்கா